கரண்ட் பல்பில் தீர்ந்துவிடுகிறதா?

‘ஓம் விதியைக் கூறு’ என்று பத்தாம் வகுப்பில் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவார்கள். கணக்கும் போட்டுவிடுவார்கள்: 6 வோல்ட், 3 ஓம், விடை 2 ஆம்பியர். அதே பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஒரு மின்கலமும் ஒரு பல்பும் வரையுங்கள். பல்புக்கு முன்னால் மின்னோட்டத்தை அளக்கும் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒரு அம்மீட்டர். ‘ரெண்டும் என்ன காட்டும்?’ என்று கேளுங்கள். ‘பின்னால இருக்கறது கம்மியா காட்டும் சார். பல்பு எரியறதுக்குக் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கும்ல?’ உண்மையில் இரண்டும் ஒரே அளவுதான் காட்டும்; பல்பில் செலவாவது ஆற்றல், மின்னோட்டம் இல்லை. ஆனாலும் அந்தப் பதில் வராத வகுப்பு அபூர்வம்.

இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் ரோசலிண்ட் டிரைவர், நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்ன் போன்ற அறிவியல் கல்வி ஆய்வாளர்கள் 1980களில் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தபோதும் இதே பதில்தான் வந்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லில்லியன் மெக்டெர்மாட், பீட்டர் ஷாஃபர் இருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து பல்புக் கேள்வி ஒன்று வருகிறது. ஒரு கலத்தில் தனியாக ஒரு பல்பு, அதே மாதிரி இன்னொரு கலத்தில் தொடர் இணைப்பில் (ஒன்றன்பின் ஒன்றாக) இரண்டு, மூன்றாவதில் பக்க இணைப்பில் (ஒவ்வொன்றும் தனித்தனிக் கிளையாக) இரண்டு. ஐந்தையும் வெளிச்ச வரிசைப்படி அடுக்க வேண்டும். கணக்கே போட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும் மாணவர்களில் சுமார் 15 சதவீதம் பேர்தான் சரியாக அடுக்கினார்கள். அங்கேயே அப்படியென்றால் நம் பத்தாம் வகுப்பைக் குறை சொல்லி என்ன பயன்.

ஒன்பதாம் வகுப்பில் ‘மின்னூட்டமும் மின்னோட்டமும்’, பத்தில் ‘மின்னோட்டவியல்’. இரண்டு ஆண்டும் பாடம் இருக்கிறது. சூத்திரத்துக்கு முன்னால் நான்கு பாடவேளையைப் பல்புக்கும் கம்பிக்கும் ஒதுக்கினால் பிறகு கணக்குப் பகுதி வேகமாக ஓடும் என்பது என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இந்தச் சோதனைகள் எங்கே காலை வாரும் என்று ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் செய்தால் பல்பே தப்பான பாடத்தை நடத்திவிடும். இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

முதலில் சொல் விவகாரம். ‘கரண்ட் போச்சு’, ‘கரண்ட் பில் எவ்வளவு வந்துச்சு’, ‘கரண்ட் அடிச்சிருச்சு’, ‘கரண்ட் கம்பி அறுந்து கிடக்கு’. நான்கிலும் கரண்ட் ஒரே பொருளா? முதலாவதில் அது வீட்டுக்கு வரும் மின்வழங்கல், அதாவது மின்னழுத்தம். இரண்டாவதில் ஆற்றல், பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதில் ஆம்பியரே கிடையாது. மூன்றாவதில்தான் உடம்பு வழியாக உண்மையிலேயே மின்னோட்டம் பாய்கிறது. நான்காவதில் கம்பியில் மின்னழுத்தம் இருக்கிறது; யாரும் தொடாதவரை அந்த அறுந்த முனை வழியாக மின்னோட்டம் இல்லாமலே இருக்கலாம். நாம் ‘மின்னோட்டம்’ என்று சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் மனதுக்குள் ‘கரண்ட்’ என்று மாற்றிக்கொள்கிறார்கள். கரண்ட் செலவாகும் பொருள், மாதக் கடைசியில் பணம் கட்டும் பொருள். எனவே பல்பு அதைத் தின்னும் என்று அவர்கள் நினைப்பதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பாடம் தொடங்கும் நாளில் இந்த நான்கு வாக்கியங்களையும் பலகையில் எழுதி, ‘மின்னோட்டமா, மின்னழுத்தமா, ஆற்றலா?’ என்று பத்து நிமிடம் சண்டை போட விடுங்கள். விடையை அன்றைக்கே முடித்துவைக்க வேண்டாம். தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் நான்காம் நாள் அவர்களே திருத்துவார்கள்.

இனி சோதனைப் பெட்டி. நாற்பது பேர் வகுப்புக்கு நான்கு பேர் ஒரு குழு என்று பத்துப் பெட்டி. ஐந்தாறு பேர் குழுவில் இரண்டு பேர்தான் கையை வைப்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை. ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பெரிய பேட்டரிக் கட்டை, மூன்று டார்ச் பல்பு, திருகிப் போடும் மூன்று சின்ன ஹோல்டர், இருபது சென்டிமீட்டர் நீளத்தில் எட்டுக் கம்பி. பல்பு வாங்கும்போது அதன் பித்தளைக் கழுத்தில் பொறித்திருப்பதைப் படித்து வாங்குங்கள்: 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். கடைக்காரர் கலந்து கொடுத்தால் 3.8 வோல்ட்டும் 6 வோல்ட்டும் சேர்ந்து வந்துவிடும், அப்புறம் எந்தச் சோதனையும் ஒத்துவராது. கம்பி முனைகளில் இரண்டு சென்டிமீட்டர் தோல் உரித்து இழைகளை இறுக்க முறுக்கிவையுங்கள். முறுக்காவிட்டால் ஒரு இழை பிரிந்து பக்கத்துத் திருகைத் தொடும், பல்பு எரியாது, ஏன் என்று கண்டுபிடிக்கவே பாடவேளை போய்விடும்.

எல்இடி வேண்டாமா என்று கேட்பார்கள். இந்தப் பாடத்துக்கு வேண்டாம். ஒரு கலத்தில் எரியாது, திருப்பிப் போட்டால் எரியாது, தொடர் தடை இல்லாமல் போட்டால் போய்விடும். மூன்றையும் விளக்கிக்கொண்டிருந்தால் மின்சுற்று மறந்துபோகும். 9 வோல்ட் சதுர பேட்டரியும் வேண்டாம், 2.5 வோல்ட் பல்பு ஒரு நொடியில் பீஸ் ஆகும். பழைய லேப்டாப்பில் கழற்றிய லித்தியம் கலம், இன்வெர்ட்டர் பேட்டரி, பைக் பேட்டரி எதையும் வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். சாதாரணக் கார்பன் கட்டையின் இரண்டு முனையையும் கம்பியால் நேரே இணைத்துக் குறுக்குச்சுற்று செய்தால் கம்பி சுடும், அவ்வளவுதான். மற்றவற்றைச் செய்தால் கை வெந்துவிடும்.

முந்தின நாள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. ஒரே அட்டையிலிருந்து எடுத்த பல்புகள் கூட ஒன்றுபோல இருக்காது. நான்கு கட்டைகளைத் தொடராக வைத்து, நான்கு நான்கு பல்பாகத் தொடரில் இணைத்துப் பாருங்கள். தொடரில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரே அளவு எரிபவற்றை ஒரு பெட்டிக்கு என்று பிரித்து, பெயின்ட்டால் 1, 2, 3 என்று புள்ளி வையுங்கள். ஹோல்டரின் அடித்தகடு அமுங்கிப்போயிருந்தால் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மேலே நெம்பிவிடுங்கள், கருத்திருந்தால் உப்புத்தாளால் ஒரு தேய். எரியாத சுற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்தத் தகடுதான்.

முதல் பாடவேளையில் ஒரே ஒரு வேலை. ஒரு கட்டை, ஒரு பல்பு, ஒரு கம்பி. ஹோல்டர் கிடையாது. எரிய வை. ‘இவ்வளவுதானா’ என்று சிரிப்பார்கள். பிறகு பத்து நிமிடம் திணறுவார்கள். கட்டையின் தலையில் கம்பியின் ஒரு முனை, மறு முனை பல்பின் அடியில், கட்டையின் அடிப்பக்கம் அந்தரத்தில். டேபிள் ஃபேனுக்கு ஒரு ஒயர்தானே போகிறது, அந்த மாதிரி. அந்த ஒற்றை ஒயருக்குள் இரண்டு கம்பி இருப்பதை யாரும் அவர்களுக்கு உரித்துக் காட்டியதில்லை. முயற்சி ஒவ்வொன்றையும் நோட்டில் பேனாவால் வரையச் சொல்லுங்கள்: எரிந்தவை ஒரு பக்கம், எரியாதவை மறு பக்கம். எரிய வைக்க நான்கு வழி உண்டு: பல்பின் அடிமுனை கட்டையின் நேர்முனையில் உட்கார்ந்து, கம்பி கழுத்துக்கு வருவது, கழுத்து நேர்முனையில் பட்டு, கம்பி அடிமுனைக்கு வருவது, இவை இரண்டையும் எதிர்முனையில் செய்வது. நான்கையும் ஒரு குழு கண்டுபிடித்துவிட்டால் பல்புக்கு இரண்டு முனை என்பதை நீங்கள் சொல்லத் தேவையில்லை. ஒரு கட்டையில் இந்தப் பல்பு மஞ்சளாக மங்கலாகத்தான் எரியும். ஜன்னலோரக் குழு ‘எரியலை சார்’ என்று சொன்னால் கையால் மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேடும்போது ஏதாவது ஒரு குழு கட்டையின் இரண்டு முனையையும் கம்பியால் நேரே தொட்டுப் பிடித்துக்கொள்ளும். ‘சார், கம்பி சுடுது!’ அந்தக் குழுவைத் திட்டாதீர்கள், எல்லோருக்கும் அதைக் காட்டச் சொல்லுங்கள். மின்னோட்டம் அதிகம், வெளிச்சம் இல்லை. குறுக்குச்சுற்று என்ற சொல்லை அப்போது கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். சுட்டால் உடனே விட வேண்டும் என்ற ஒரே விதியை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் பாடவேளை தொடர் இணைப்பு. இதில்தான் பல்பு பொய் சொல்லும்.

இரண்டு கட்டை, ஒரு பல்பு, நல்ல வெளிச்சம். இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்க்கப் போகிறோம். சேர்க்கும் முன் ஒவ்வொருவரும் எழுத வேண்டும்: முதல் பல்பு அதே வெளிச்சமா, குறையுமா? இரண்டில் எது அதிகம்? காரணம் ஒரு வரி. எழுதிய பிறகே இணைக்க வேண்டும், எழுதியதை அடிக்கக் கூடாது, அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. முன்கூட்டிச் சொல், பார், விளக்கு என்ற இந்த முறையில் முதல் படியை விட்டுவிட்டால் மற்ற இரண்டும் வெறும் வேடிக்கை. பார்த்த பிறகு எல்லோருமே ‘நான் அப்பவே நினைச்சேன்’ என்பார்கள்.

இணைத்ததும் இரண்டும் மங்கும். பல்புகளை முந்தின நாள் பிரித்துவைக்காத வகுப்பில் ஒன்று பிரகாசமாகவும் ஒன்று மங்கலாகவும் எரியும். பிரகாசமான பல்பு கட்டையின் நேர்முனைப் பக்கம் இருந்துவிட்டால் கதை முடிந்தது: ‘பாத்தீங்களா சார், முதல் பல்பு கரண்ட்டை எடுத்துக்குச்சு.’ மருந்து எளிது. இரண்டு பல்புகளையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். புள்ளி 1 உள்ள பல்பு எந்த இடத்தில் இருந்தாலும் அதுவே பிரகாசமாக எரிந்தால் குற்றம் பல்பின் மேல், இடத்தின் மேல் இல்லை. அடுத்து பல்புகளை விட்டுவிட்டுக் கட்டையைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். ‘முதல்’ என்பதே இப்போது மாறிவிட்டது, வெளிச்சம் மாறவில்லை. பிரித்துவைத்த பல்புகள் கைவசம் இருந்தாலும் பிரிக்காத ஜோடி ஒன்றை வேண்டுமென்றே கொடுப்பது நல்லது என்றே சொல்வேன். இந்த இடமாற்றச் சோதனை போல அந்த நம்பிக்கையை அசைப்பது வேறு எதுவும் இல்லை.

அடுத்த பொய் இன்னும் நுட்பமானது. அம்மீட்டர் வைத்து ஒரு பல்பில் 0.3 ஆம்பியர் அளந்தாயிற்று. இரண்டு பல்பு என்றால் மின்தடை இரு மடங்கு, மின்னோட்டம் பாதி, 0.15 வர வேண்டும். வருவது 0.2 பக்கம். ஆசிரியர் பதறி, ‘மீட்டர் சரியில்லை’ என்று சொல்லிவிடுவார். மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. டங்ஸ்டன் இழை சூடாக இருக்கும்போது 2.5 வகுத்தல் 0.3, சுமார் 8 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதே இழை ஏறக்குறைய ஒரு ஓம்தான். தொடரில் ஒவ்வொரு பல்புக்கும் மின்னழுத்தம் குறைந்து, இழை அவ்வளவு சூடாகாமல் மின்தடையும் இறங்கிவிடுவதால் மின்னோட்டம் பாதிக்கு மேல் நிற்கிறது. பல்பு ஓம் விதிக்குக் கட்டுப்படாத சரக்கு. எனவே கண்ணால் பார்க்கப் பல்பு, எண்ணால் அளக்க மின்தடை என்று பிரித்துவிடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 100 ஓம் கால் வாட் மின்தடை போதும். பழுப்பு, கறுப்பு, பழுப்பு வரி. 3 வோல்ட்டில் ஒன்று 30 மில்லி ஆம்பியர், தொடரில் இரண்டு 15, பக்க இணைப்பில் இரண்டு 60. புதுக் கட்டை இரண்டு சேர்ந்து 3.1, 3.2 வோல்ட் கூடக் காட்டும், அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளே கணக்கில் பிடிக்கட்டும். 10 ஓம் கால் வாட் வாங்கிவிடாதீர்கள். 3 வோல்ட்டில் அதில் 0.9 வாட் இறங்கும், விரல் சுட்டு, வாடை வந்து, கருகிப்போகும்.

மல்டிமீட்டர் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அந்த மஞ்சள் மீட்டரில் 200 மில்லி ஆம்பியர் அளவில் பல்பைப் போட்டால் உள்ளே உள்ள பீஸ் போய்விடலாம், பல்பு 0.3 ஆம்பியர் இழுக்கிறதே. பல்புக்குச் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் மாற்றுங்கள். மின்தடைக்கு 200 மில்லி போதும். ஆனால் 10 ஆம்பியர் துளையில் ஒயரை மறந்துவிட்டு அப்படியே கட்டையின் குறுக்கே வோல்ட் அளக்கப் போவதுதான் வகுப்பில் அடிக்கடி நடக்கும் விபத்து: மீட்டர் வெறும் கம்பி போல நடந்துகொண்டு கட்டையைக் குறுக்குச்சுற்று செய்யும். ஒரு குழுவுக்கு ஒருவர் ‘ஒயர் எந்தத் துளை?’ என்று கேட்பதற்கென்றே இருக்கட்டும். மீட்டருக்கு மாற்றிப் போட நான்கைந்து கண்ணாடி பீஸ் (ஃப்யூஸ்) கைவசம் கிடக்கட்டும். மீட்டரின் சொந்த பேட்டரி இறங்கினாலும் அளவு தப்பாக வரும். கரன்ட் ப்ளக்கில் எவனும் குத்திப் பார்க்காமல் இருக்கிறானா என்பதில் இன்னொரு கண்.

தொடர் இணைப்பை விட்டு நகர்வதற்குள் ஒரு கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். இரண்டு பல்பும் எரிந்துகொண்டிருக்கின்றன. ஒன்றைத் திருகிக் கழற்றினால் இரண்டும் அணையும், இது எல்லோருக்கும் தெரியும். கழற்றிய காலி ஹோல்டரின் இரண்டு திருகுக்கும் நடுவே வோல்ட்மீட்டர் வைத்தால் என்ன காட்டும்? சுழி என்று அடித்துச் சொல்வார்கள். கரண்ட்டே ஓடவில்லையே, எப்படி வரும்? வைத்துப் பாருங்கள், முழு 3 வோல்ட். அணைந்த பல்பின் குறுக்கே வைத்தால்தான் சுழி. மின்னோட்டம் இல்லாத இடத்தில் மின்னழுத்தம் இருக்க முடியும் என்பதை ஒரு மணிநேரம் பேசினாலும் இந்த ஒரு அளவீடு போலப் புரியவைக்க முடியாது. சுவரில் ஒட்டியிருக்கும் ‘கரண்ட் கம்பி அறுந்து கிடக்கு’ வாக்கியத்தைத் திருத்தும் நேரமும் இதுதான்.

திருவிழாவில் தொங்கும் சீரியல் லைட்டுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று இப்போது கேளுங்கள். பழைய சின்ன பல்பு மாலையில் 6 வோல்ட் பல்பு என்றால் 230ஐ 6ஆல் வகுத்து 38, 40 பல்பைத் தொடரில் கோத்திருப்பார்கள். ஒன்று போனால் வரிசையே போகும். ஆனால் அதை வகுப்புக்குக் கொண்டுவந்து பல்பைக் கழற்றிக் காட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இப்போதுதான் பார்த்தோம், காலி இடத்தில் முழு மின்னழுத்தம் நிற்கும். அங்கே அது 230. மிக்ஸி ரிப்பேர் கடையில் ஒரு பல்பைத் தொடரில் போட்ட சீரிஸ் போர்டு இருக்கும், மிக்ஸியில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அந்தக் கடையைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளை ஒருவராவது இருப்பார். ஏன் என்று கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள்.

உவமை விஷயத்தில் ஒரு கருத்து. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, குழாய், பைப் என்ற உவமையை நான் கைவிடச் சொல்வேன். தொட்டியில் நீர் குறையும், குழாயில் கொட்டிய நீர் திரும்பி வராது. நாம் எந்த நம்பிக்கையை எடுக்கப் பார்க்கிறோமோ அதற்கே அது தண்ணீர் ஊற்றுகிறது. அதற்குப் பதில் கயிறு. மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமனில் வழவழப்பான நைலான் கயிறு, வகுப்பைச் சுற்றி வரும் நீளம், 15 மீட்டர் இருந்தால் வசதி. முடிச்சுப் போட்டால் ஒவ்வொரு கையிலும் தட்டும், இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தைத்து டேப் சுற்றுங்கள். எல்லோரும் விரல்களை வளையமாக்கித் தளர்வாகப் பிடிக்க, நீங்கள் ஒரு கையால் இழுத்து மறு கையால் தள்ளுகிறீர்கள்: நீங்கள்தான் மின்கலம். கயிறு எல்லாக் கையிலும் ஒரே நேரத்தில் நகரத் தொடங்கும். சுவிட்சுக்கும் பல்புக்கும் தூரம் இருந்தாலும் பல்பு உடனே எரிவது ஏன் என்பதற்கு இது பதில். ஒரு மாணவி கொஞ்சம் அழுத்திப் பிடிக்கட்டும், அவர்தான் பல்பு. உள்ளங்கை சூடாகிறது. கயிறு தீர்ந்ததா? இல்லை. பின் என்ன செலவாயிற்று? ‘உங்க பலம் சார்.’ அதுதான் ஆற்றல். இன்னொருவரும் அழுத்தினால், அதே பலத்தில் நீங்கள் இழுக்கும்போது, கயிறு எல்லா இடத்திலும் மெதுவாகும், அழுத்தியவருக்கு முன்னால் நிற்பவர்களின் கையிலும்கூட. சுற்றில் ஒரு மாற்றம் செய்தால் அது ‘பிறகு வரும்’ பகுதியை மட்டும் பாதிக்கும் என்ற நினைப்பு இங்கே உடைகிறது. வேகமாகச் சுண்டி இழுக்காதீர்கள், கயிறு உரசிக் கை காயமாகிவிடும். பக்க இணைப்புக்கு இந்தக் கயிறு உதவாது, அங்கே வற்புறுத்தினால் சிக்கல்தான்.

பக்க இணைப்பில் பிள்ளைகளின் கணிப்பு, ‘ரெண்டு பல்புக்கும் பிரிச்சுக் கொடுக்கறதால மங்கும்’ என்பது. பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் என்பது அதன் அடியில் இருக்கும் நம்பிக்கை. இணைத்தால் இரண்டும் முதல் பல்பு போலவே எரிய வேண்டும், அம்மீட்டர் இரட்டிப்பாக வேண்டும். புதுக் கட்டையில் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கும். பழைய கட்டையில் இரண்டும் கண்ணுக்குத் தெரியும்படி மங்கி, பிள்ளைகள் சொன்னதுதான் சரி என்று தீர்ப்பு எழுதிவிடும். கட்டைக்குள்ளேயே இருக்கும் அக மின்தடையின் வேலை இது. கட்டைகளுக்குள் மொத்தம் 3 ஓம் ஏறிப்போயிருந்தால் 0.6 ஆம்பியர் இழுக்கும்போது 1.8 வோல்ட் உள்ளேயே தங்கிவிடும் கணக்கு. எனவே பக்க இணைப்பு நடத்தும் நாளுக்கு என்று புதுக் கட்டை எடுத்துவையுங்கள், முதல் நாள் குறுக்குச்சுற்றில் அடிபட்டவை வேண்டாம். பவர் பேங்கும் உதவும்: பழைய யூஎஸ்பி ஒயரை வெட்டிச் சிவப்பு, கறுப்பு இரண்டையும் மட்டும் எடுத்தால் நிலையான 5 வோல்ட். ஆனால் அதற்கு 6 வோல்ட் பல்பு வேண்டும். மிகக் குறைந்த மின்னோட்டத்தில் பல பவர் பேங்குகள் தானாக அணைந்துவிடும் என்பதால் மின்தடைச் சோதனைக்கு அது சரிப்படாது.

மூன்று பல்பு இருப்பது இதற்காக. முதல் பல்பு தொடரில். அதற்கு அடுத்து இரண்டாவதும் மூன்றாவதும் பக்க இணைப்பில். மூன்றாவதைக் கழற்றினால் மற்ற இரண்டும் என்ன ஆகும்? ‘முதல் பல்பு மாறாது, அது முன்னாடியே இருக்குல்ல’ என்பது பெரும்பான்மைப் பதிலாக வரும். கழற்றினால் முதல் பல்பு மங்கும், இரண்டாவது பிரகாசமாகும். காகிதத்தில், எல்லாம் ஒரே மின்தடை என்று கொண்டால், கழற்றும் முன் முதல் பல்புக்கு 2 வோல்ட்டும் மற்ற இரண்டுக்கும் 1 வோல்ட்டும், கழற்றிய பிறகு ஆளுக்கு 1.5.

உண்மையான பல்பில் இங்கேயும் ஒரு குழி. இரண்டாவதும் மூன்றாவதும் குளிர்ந்து மின்தடை இறங்கிவிடுவதால் அவற்றுக்கு 1 வோல்ட் கூடக் கிடைக்காது, 0.7 அளவில்தான் நிற்கும். அவை எரியாதது போலவே தெரியும். ‘அதுல கரண்ட்டே போகலை’ என்பார்கள். அம்மீட்டரை அந்தக் கிளையில் செருகிக் காட்டுங்கள், முதல் பல்பில் ஓடுவதில் பாதி ஓடிக்கொண்டிருக்கும். இழை கண்ணுக்குத் தெரியும்படி சிவக்கவே சுமார் 525 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதற்குக் கீழே மின்னோட்டம் ஓடினாலும் இருட்டுதான். வெளிச்சம் இல்லையென்றால் மின்னோட்டம் இல்லை என்ற சமன்பாட்டை இங்கே உடைத்துவிட்டு, பிறகு மூன்றாவது பல்பைக் கழற்றுங்கள். இருட்டாக இருந்த இரண்டாவது பல்பு பளிச்சென்று எழும்பும்போது வகுப்பில் கிளம்பும் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவைக்கலாம்.

இவ்வளவும் செய்துவிட்டு, கேள்வி கேட்ட மறு நொடியே முன்வரிசைப் பையனிடம் பதில் வாங்கிவிட்டால் பலன் பாதிதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து அளந்தபோது, ஆசிரியர் கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று நொடி வகுப்பறையில் மூன்று நிமிடம் போலத் தோன்றும், மனதுக்குள் எண்ணுங்கள். கையைத் தூக்கச் சொல்லாதீர்கள், பக்கத்தில் பார்த்துத் தூக்குவார்கள். விடைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்து, நெஞ்சோடு ஒட்டி விரல் காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த கணக்கு பள்ளிக்கும் பொருந்தும்: சரியான விரல் 30 முதல் 70 சதவீதம் வரை இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டு மறுபடி விரல் கேளுங்கள். அதற்குக் குறைவென்றால் வாதாட ஆள் இல்லை, நீங்கள் இன்னொரு முறை நடத்த வேண்டும். அதிகமென்றால் தாண்டிப் போங்கள். சரியான விடையைச் சொன்னவர் முகத்தைப் பார்த்து நாம் தலையாட்டிவிட்டால் வாதம் அங்கேயே செத்துவிடும். இது பழக நாளாகும்.

பாடம் முடிக்க வேண்டிய அவசரம் தெரிந்ததுதான். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அந்த 75இல் ‘காலி ஹோல்டரில் என்ன காட்டும்’ என்று யாரும் கேட்கப்போவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் பதினாறு பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில் பெட்டியோடு சேர்த்துத் தேர்வையும் மாற்றினார்கள், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு. நம்மால் தேர்வை மாற்ற முடியாது. ஆனால் இந்த நான்கு பாடவேளை செய்முறைத் தேர்வில் திரும்பக் கிடைக்கிறது. கம்பியின் மின்தடை எண் காணும் சோதனையில் அம்மீட்டரைப் பக்க இணைப்பிலும் வோல்ட்மீட்டரைத் தொடரிலும் போட்டுவிட்டு முழிப்பவர்கள் குறைவார்கள். அந்தச் சோதனைக்கு 28 கேஜ் நிக்ரோம் ஒரு மீட்டர் எடுத்தால் சுமார் 10 ஓம், கணக்குப் பார்க்க வசதி. அதன் விட்டம் 0.38 மில்லிமீட்டர் அளவு. திருகு அளவியில் 0.01 தவறினாலே விட்டத்தில் இரண்டரை சதவீதம், பரப்பில் ஐந்து சதவீதம் பிழை. எனவே விட்டத்தை ஐந்து இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். சுற்றின் சாவியை (சுவிட்சை) அளவெடுக்கும் நொடிக்கு மட்டும் அழுத்துவது நல்லது, இல்லாவிட்டால் கட்டை இறங்கிக்கொண்டே வரும்.

நான்காம் நாள் கடைசிப் பத்து நிமிடம் ஐந்து பல்புக் கேள்வியைத் தனித்தனியாக எழுத விடுங்கள், காரணத்தோடு. தனிப் பல்பும் பக்க இணைப்பில் இரண்டும் ஒரே வெளிச்சம், தொடரில் இரண்டும் அதைவிட மங்கல். விடை சரி, காரணம் தப்பு என்று வரும் தாள்களைத் தனியாக எடுங்கள். ‘பக்க இணைப்புல அதிகமா எரியும்னு புக்ல இருக்கு’ என்று எழுதியவருக்கு இன்னும் ஒரு முறை பெட்டி வேண்டும்.

பெட்டியை மூடும்போது கட்டைகளை வெளியே எடுத்துவிடுங்கள், கோடை விடுமுறையில் கசிந்தால் ஹோல்டரையும் அரித்துவிடும். பீஸ் போன பல்புகளை எறிய வேண்டாம். இழை அறுந்தது கண்ணாடி வழியே தெரியும், கழுத்துக்கும் அடிமுனைக்கும் நடுவே உள்ள கறுப்பு வளையமும் தெரியும். ஒரு தீப்பெட்டியில் போட்டுவையுங்கள், அடுத்த ஆண்டு முதல் பாடவேளையில் கையில் கொடுக்க அதுவே போதும்.